முதற் பட்டதாரிகளும் பல்கலைக் கழக வரலாறும்

ஒரு பல்கலைக் கழகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் தேடி எடுப்பன, அதனைத் தோற்றுவித்த சட்டமும், அதன் மாளிகைகள் எழுந்த ஆண்டுகளும், துணைவேந்தர்களின் பெயர் வரிசையுமேயாம். இவை வேண்டாதன அல்ல. இவையின்றி வரலாற்றுக்குக் கால வரையறை ஏற்படாது. ஆயினும், ஒருவனுடைய சாதக ஓலையைப் படித்தவன் அம்மனிதனோடு பழகியவன் ஆகாதவாறுபோல, இவற்றை மட்டும் கற்றவன் அப்பல்கலைக் கழகத்தை அறிந்தவன் ஆகான். அதன் வாயிலாகக் கற்றுத் தேறியவர்கள், அவருள்ளும் வழியில்லாத இடத்தில் முதன்முதல் வழிகண்டு நடந்தவர்கள், எங்கிருந்து வந்தார்கள், வரும்போது எதைக் கொண்டுவந்தார்கள், பெற்ற பட்டத்தால் யாது செய்தார்கள் என்பனவற்றைத் தெரிந்தாலன்றி அவ்வறிவு நிரம்பாது. இதனைப் பொதுவாகச் சொல்லிச் செல்வதினும், நமக்கு மிக அணித்தாகிய சென்னைப் பல்கலைக் கழகத்தை எடுத்துக்கொண்டு ஆராய்தல் தெளிவு தரும்.

கல்கத்தா, பம்பாய், சென்னை என்னும் மூன்று நகரங்களிலும் பல்கலைக் கழகங்கள் 1857-ஆம் ஆண்டிலேயே தோன்றின. வடநாட்டில் பெருங்கிளர்ச்சி மூண்டிருந்த ஆண்டும் அதுவே. கல்கத்தாவுக்குரிய சட்டம் ஜனவரி 24-ஆம் தேதியிலும், பம்பாய்க்குரியது ஜூலை 18-ஆம் தேதியிலும், சென்னைக்குரியது செப்டம்பர் 5-ஆம் தேதியிலும் நிறைவேறின. மூன்றும் இலண்டன் பல்கலைக் கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. அம்முன்மாதிரியின் இயல்பு யாதெனின், பல்கலைக் கழகம் தானே பாடம் கற்பியாது என்பதாம். கற்பிக்கும் தொழில் கல்லூரிகளுடையது. பரீட்சை நடத்துவதும் பட்டம் வழங்குவதும் பல்கலைக் கழகத்தின் தொழில். கடற்கரையை நோக்கி நிற்கும் செனட் மண்டபத்தைக் கண்டு வியவாதார் இலர். சிசோம் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த அம்மண்டபம் 1874 முதல் 1879 வரையில் எழுந்தது. அதாவது, பல்கலைக் கழகம் தோன்றி இருபது ஆண்டுகளுக்குமேற் சென்ற பின்னரே அது நிறைவுற்றது. கற்பிக்கும் பொறுப்போ 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், பின்னர் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் சிறிது சிறிதாக அதன்பால் வந்தடைந்தது.

இஃது உண்மையாயின், தொடக்கத்தில் அப்பல்கலைக் கழகம் என்பது யாது? வகுப்பறை இல்லை; ஆசிரியர் இல்லை; மாணவர் உறையும் விடுதியும் இல்லை. வினாத்தாள்களும், தேறியவர் பெயர் எழுதிய ஏடும் இருந்தன. ஆகவே அக்காலத்துப் பல்கலைக் கழகத்துக்கு உயிரும் உடம்புமாய் இருந்தவர் அவ்வேட்டிற் பெயர் பொறிக்கப்பட்ட மாந்தரேயாவர். அவர்கள் வரலாற்றை விடுத்து அதன் தொடக்க வரலாற்றை எழுதுதல் இயலுமோ? பழைய மாணவர் சரித்திரத்தை நூலின் இறுதியிற் சேர்க்கும் அணிகலனாக எண்ணுவார் உளர். முதல் ஐம்பது ஆண்டுகளைப் பொறுத்தவரை நூலே அதுதான் என்று யான் கருதுகின்றேன்.

அவ்வேட்டின் முதற் பக்கத்தைப் புரட்டுவோம். 1858-ஆம் ஆண்டில் பி.ஏ. பட்டம் பெற்றோர் இருவர். ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை, மற்றொருவர் கரோல் விசுவநாத பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தார். இது சற்றே நின்று எண்ணற்பாலது. சென்னை இராசதானி பரந்தது. அதன் தலைநகரிலேயே ஸ்காத்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837-ல் தொடங்கிய பள்ளி இருந்தது. 1840-ல் தொடங்கிப் பின்னர்ப் பிரஸிடென்ஸி கல்லூரியான அரசாங்கப் பள்ளி இருந்தது. 1842-ல் திறக்கப்பெற்ற பச்சையப்பன் பள்ளியும் இருந்தது. இத்தனை இருந்தும், முதலில் வந்து நின்ற இருவரும் கடலுக்கு அப்பாலுள்ள ஒரு குடாநாட்டினர். காரணம் யாது? சட்டத்தைக் கேட்டால் விடை வாராது. செனட் மண்டபத்துத் தூண்களைக் கேட்டாலும் வாராது. அவ்விருவருடைய வாழ்க்கையைப் பின்தொடர்ந்து செல்வார்க்கே விடை கிடைக்கும். அவ்வழி நம்மை வட்டுக்கோட்டைக்கு இட்டுச் செல்கின்றது.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823-ஆம் ஆண்டில் ஒரு செமினரியை நிறுவினர். அதன் முதல் தலைவர் டானியேல் பூவர் ஐயர். பின்னாளில் மதுரைக்கு வந்து பள்ளிகள் பல வளர்த்தவரும் அவரே. அவர்க்குப் பின் தலைமை பூண்டவர்களுள் ஹொய்சிங்டன் ஐயர் வானநூலில் வல்லுநர். அச்செமினரியில் ஆங்கிலத்தோடு தமிழும் வடமொழியும் கற்பிக்கப்பட்டன. கணிதமும் வானநூலும் தருக்கமும் கற்பிக்கப்பட்டன. மேலைநாட்டு நூலறிவைத் தமிழில் எடுத்துச் சொல்லும் பழக்கம் அங்கே வேரூன்றியது. அதன் மாணவருள் ஒருவராகிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850-ல் 'நியாய இலக்கணம்' என்னும் தருக்க நூலைத் தமிழில் இயற்றினார். இன்னொரு மாணவராகிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, தமிழ்ப் புலவர் நானூற்றுவர்க்கு மேற்பட்டோர் வரலாற்றைத் தொகுத்துப் 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் பெயரால் 1886-ல் வெளியிட்டார். பிறர் சரித்திரத்தைக் காப்பதில் இத்துணை ஊக்கம் கொண்டவரும் அக்கலாசாலையின் பிள்ளையே என்பது இக்கட்டுரைக்கு மிகப் பொருந்திய செய்தி.

அச்செமினரி 1855-ல் மூடப்பட்டது. பகைவர் மூடினாரல்லர், அதனை நடத்திய மிஷனே மூடிற்று. அமெரிக்காவிலிருந்து அவ்வாண்டு வந்த ரூபஸ் ஆண்டர்சன் என்னும் மிஷன் செயலாளர், ஆங்கில உயர்கல்வி பெற்ற இளைஞர் திருச்சபைப் பணிக்கு வாராமல் உத்தியோகத்தை நாடிப் போகின்றனர் என்றும், மிஷன் பொருளைத் தாய்மொழிப் பள்ளிகளிலும் ஊர்ச்சபைகளிலும் செலவிடுதலே தக்கது என்றும் கருதினார். அக்கருத்தே வென்றது. கதவு அடைபட்டு மூன்றாண்டு செல்லுமுன், கடலுக்கு இப்பால் பிறந்த புதிய பல்கலைக் கழகத்தின் முதற் பட்டங்கள் இரண்டையும் அக்கலாசாலையின் பழைய மாணவர் இருவரே பெற்றனர். தன் மக்கள் எய்திய சிறப்பைக் காண அத்தாய் இல்லை. சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் அதிகாரம் இவ்வாறு, மூடப்பட்ட வேறொரு கலாசாலையின் கடைசி அதிகாரமாக இருத்தல் காண்க. பழைய மாணவர் சிலருடைய வேண்டுகோளும் உழைப்பும் துணைநிற்க, 1872-ல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றிற்று.

ஈண்டு ஓர் இடையூற்றைக் குறிப்பிடல் வேண்டும். முன்னோர் வரலாறு தேடும் மாணவன் முதலில் தடுக்கி விழும் இடம் பெயர். வட்டுக்கோட்டை மாணவருட் பலர்க்கு அமெரிக்கப் பெயர்கள் வாய்த்திருந்தன. ஒரு சிறுவனுடைய உணவுக்கும் உடைக்கும் பொருளுதவிய அமெரிக்கக் கொடையாளியின் பெயரையோ, அவர் விரும்பிய பெரியார் ஒருவரின் பெயரையோ அச்சிறுவனுக்கு இடுதல் அக்கால வழக்கம். கரோல், ஆர்னல்ட், நெவின்ஸ் என்பன இவ்வாறு வந்தன. மிஷன் அறிக்கைகளில் ஒருவர் அமெரிக்கப் பெயரோடு காணப்படுவார். தமிழ் நூலின் முகப்பில் அவரே தமிழ்ப் பெயரோடு நிற்பார். இரண்டையும் ஒருவர் என்று அறியாதவன், ஒரு மனிதனை இருவராக்கி விடுவான். அன்றி, அரைவாசி வாழ்க்கையை இழந்து விடுவான். தாமோதரம் பிள்ளையின் பெயர்க்கு முன் நிற்கும் எழுத்துக்களோ, பிறந்த ஊராகிய சிறுப்பிட்டியையும் தந்தையாராகிய வைரவநாதரையும் குறிப்பன. இவ்வெழுத்துக்கள் இரண்டும் ஒரு குடும்பத்தின் முகவரி போல்வன.

தாமோதரம் பிள்ளை 1832-ல் பிறந்தவர். தெல்லிப்பழையில் மிஷன் பள்ளியிலும் பின்னர் வட்டுக்கோட்டையிலும் கற்றார். கோப்பாயில் ஆசிரியராயிருந்தார். இருபது வயது கடந்த இளைஞராயிருந்தபோதே 'நீதிநெறி விளக்க'த்தைப் பதிப்பித்தார். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனரியாக இருந்து சென்னைக்கு வந்த பெர்சிவல் பாதிரியார், 1855-ல் தாம் தொடங்கிய 'தினவர்த்தமானி' என்னும் பத்திரிகைக்கு ஆசிரியராக இவரை அழைத்துக்கொண்டார். இவ்வழைப்பு நேர்ந்திராவிடின் இவர் சென்னைக்கு வந்திருப்பரோ, பட்டதாரி ஆகியிருப்பரோ என்பது ஐயமே. பல்கலைக் கழகத்தின் முதல் மாணவனைச் சென்னைக்குக் கொணர்ந்தது ஒரு பத்திரிகை வேலை! பட்டம் பெற்றபின் கள்ளிக்கோட்டையில் ஆசிரியத் தொழில், சென்னையில் அரசாங்கக் கணக்கு அலுவலகப் பணி, 1871-ல் பி.எல். பட்டம், கும்பகோணத்தில் வழக்கறிஞர் தொழில், 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவி, 1895-ல் ராவ் பகதூர் பட்டம் என வாழ்க்கை விரைந்து செல்கின்றது. 1901-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் உயிர் நீத்தார்.

இவ்வளவோடு நிறுத்தின் இஃது ஓர் உயர்ந்த உத்தியோகத்தர் சரித்திரம், அவ்வளவே. அக்காலத்தில் இத்தகையார் பலர். இவரை நம்மோடு பிணைப்பது வேறு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் இயற்றிய உரையை 1868-ல் இவர் வெளியிட்டார்; அதனை ஆறுமுக நாவலர் பரிசோதித்து உதவினார். நாவலர் 1879-ல் மறைந்த பின்னர் இவர் தம் தோளிலேயே அச்சுமையை ஏற்றுக்கொண்டார். வீரசோழியம் 1881-லும், இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும் 1883-லும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885-லும், கலித்தொகை 1887-லும், இலக்கண விளக்கமும் சூளாமணியும் 1889-லும், தொல்காப்பிய எழுத்ததிகார நச்சினார்க்கினியம் 1891-லும், சொல்லதிகார நச்சினார்க்கினியம் 1892-லும் வெளிவந்தன. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சேறியது இவருடைய கலித்தொகையே. நம் ஆனர்ஸ் வகுப்பில் பொருளதிகாரத்தைக் கையிலேந்திப் பயில்கின்றோம். ஏட்டுச் சுவடியாகப் புலவர் சிலர் வீட்டில் மறைந்து கிடந்த அதனை அச்சிற் கொணர்ந்தவர் நம் பல்கலைக் கழகத்தின் முதற் பட்டதாரி என்பதை நம்முள் எத்துணைப் பேர் அறிவோம்? எழுவாய் பயனிலைகளைப் பிரித்துக் காட்டுவதற்கு முந்நூறு முறை அந்நூலைத் திறப்போம். முகப்பேட்டை ஒருமுறையும் பாரோம்.

அவர்தம் பதிப்புரைகளைப் பொறுமையோடு கற்றல் வேண்டும். சுவடி தேடி ஊர் ஊராக அலைந்ததும், கிடைத்த ஏடுகள் கையிலெடுக்கும்போதே உதிர்ந்து போகும் நிலையில் இருந்ததும், இன்னும் சில ஆண்டு தாழ்ப்பின் எஞ்சியவையும் இராவே என்ற துயரமும் அவற்றில் அவர் வாயாலேயே வருகின்றன. இவை போன்ற பக்கங்கள் பல்கலைக் கழகத்தின் எந்த அறிக்கையிலும் இல்லை. நூலைத் திரும்ப அச்சிடும் பிற்காலத்தார் பலர் முன்னுரையைத் தேவையற்றதென்று நீக்கி விடுகின்றனர். அந்நீக்கத்தால் நூலுக்கு நட்டமில்லாமற் போகலாம். வரலாற்றுக்கு வந்த நட்டமோ பெரிது.

பட்டத்துக்கும் இப்பணிக்கும் தொடர்பு யாது என்பது அடுத்து எழும் வினா. சாட்சிகளை ஒத்துப் பார்க்கும் வழக்கறிஞர் பழக்கமே ஏட்டுப் பிரதிகளை ஒத்துப் பார்க்கும் திறமையைத் தந்தது என்று கூற நாவெழும். ஆனால் ஆண்டுகளை நோக்குக: சேனாவரையம் 1868, பி.எல். பட்டம் 1871. பதிப்பாசிரியர் முன், வழக்கறிஞர் பின். அழகிய விளக்கமாயினும் ஆண்டுக் கணக்கு அதற்கு முற்றும் இடந்தரவில்லை. பட்டம் அவர்க்குச் செய்த உதவி இன்னும் எளியது என்று தோன்றுகிறது. அது பதவி தந்தது. பதவி பொருள் தந்தது. பொருள் அச்சுக்கூலியாகவும் காகித விலையாகவும் மாறிற்று. ஆங்கிலக் கல்வியைக் கொண்டு உத்தியோகம் பெற்றவர், அவ்வுத்தியோகப் பொருளைக் கொண்டு தமிழ்ச் சுவடிகளை மீட்டார். இளைஞர் உத்தியோகத்தை நாடிப் போகின்றனரே என்று வட்டுக்கோட்டையைப்பற்றி வருந்தியவர், அவ்வுத்தியோகம் முடிவில் எங்கே கொண்டு சேர்த்தது என்பதை அறிந்திலர்.

முன்னோடிகளின் சரித்திரத்தை எழுதுவார்க்கு இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, புகழ்ச்சியில் மூழ்குதல். 1885-ஆம் ஆண்டுப் பொருளதிகாரப் பதிப்பில் உரை முழுவதும் நச்சினார்க்கினியருடையதாகவே காட்டப்பட்டிருந்தது. பின்னான்கு இயல்களாகிய மெய்ப்பாட்டியல் முதலியவற்றுக்கு அங்கு அமைந்த உரை பேராசிரியருடையது என்பதைப் பின்னர் ரா. இராகவையங்கார் காரணங் காட்டி நிறுவினார். இப்பிழையைச் சொல்லாமல் விடுதல் பிள்ளையவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பிழையோடு கூடிய அச்சுப் புத்தகம் ஒன்று கையில் இருந்தமையாலன்றோ இராகவையங்கார் அதனை ஆராய்ந்து திருத்த முடிந்தது? முதற் பதிப்பாசிரியன் பிற்காலத்தார்க்குத் தவறு கண்டுபிடிக்கும் வாய்ப்பையும் கூடவே கொடுத்துப் போகின்றான்.

மற்றொரு சோதனை, கேட்ட கதையை ஆராயாது எழுதுதல். முதற் பட்டம் 1857-ல் வழங்கப்பட்டது என்று சில நூல்கள் கூறும். சட்டம் நிறைவேறியதே அவ்வாண்டு செப்டம்பரில் என்பதை நினைப்பின், 1858 என்னும் ஆண்டின் பொருத்தம் விளங்கும். விசுவநாத பிள்ளை வட்டுக்கோட்டையிற் கற்பித்த ஆசிரியர் என்றும், தாமோதரம் பிள்ளை அவரிடம் பயின்றவர் என்றும், ஆசிரியரும் மாணவரும் ஒரே பரீட்சைக்கு ஒருங்கு சென்றனர் என்றும் வழிவழியாகச் சொல்வர். கேட்பதற்கு இனிய கதை. இத்தகைய கதைகளைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. கதை என்று பெயரிட்டே எழுதி வைக்கலாம். பிறர் எழுதிய தன் வரலாறுகளும் துணை செய்யும். உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில், கும்பகோணத்துக்கு வந்த தாமோதரம் பிள்ளை சீவக சிந்தாமணிப் பிரதியைத் தாம் பதிப்பிக்கத் தருமாறு தம்மிடம் கேட்டதை எழுதியிருக்கின்றார். ஐயரவர்களோ தாமே அதனைப் பதிப்பிக்க உறுதி கொண்டு 1887-ல் வெளியிட்டார். கலித்தொகை வெளிவந்த ஆண்டும் அதுவே. பி.ஏ. பட்டம் பெறாத ஐயரவர்களுக்கு அதே பல்கலைக் கழகம் 1932-ல் டாக்டர் பட்டம் அளித்தது. முதற் பட்டதாரியும், பட்டதாரியல்லாத ஒரு பேராசிரியரும் ஒரே ஊரில், ஒரே நூலின் ஏட்டுக்காக எதிரெதிரே அமர்ந்திருந்த அந்நேரம் பல்கலைக் கழக வரலாற்றிற்கும் உரியதன்றோ?

இனிச் சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுதல் நலம். இவ்விருவரும் மிஷன் பள்ளியில் வளர்ந்தவர். எனினும் பின்னாளிற் சைவ சமயத்துக்கே திரும்பியவர். கிறிஸ்தவக் கலாசாலைகளின் சரித்திரத்தை எழுதுவார் இத்தகையோரைக் குறித்து மௌனஞ் சாதித்தல் உண்டு. மற்றொரு சாரார் இவர்கள் மிஷனிற் கற்றதையே மறைத்துப் பேசுதலும் உண்டு. இரு மௌனங்களும் சேர்ந்தால் வட்டுக்கோட்டை என்னும் ஊரே சென்னைப் பல்கலைக் கழக வரலாற்றிலிருந்து மறைந்து போகும். கிறிஸ்தவனாகிய யான் இதனை எழுதும்போது என் உள்ளத்திலும் ஒரு சிறு வருத்தம் இல்லாமலில்லை. ஆனால் ஒரு கல்விச்சாலை தன்னிடம் தங்கினவர்களை மட்டும் தன் பிள்ளைகளென்று கணக்கிடுமாயின், அது கணக்கேயன்றி வரலாறு அன்று. தந்தையின் வீட்டை விட்டுப் புறப்பட்ட மகனுடைய பெயரைக் குடும்ப வேதாகமத்தின் முன்னேட்டிலிருந்து யாரும் சுரண்டி எடுப்பதில்லை. தாமோதரம் பிள்ளையின் புதல்வராகிய அழகசுந்தரம், பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்னும் பெயரோடு கிறிஸ்தவக் குருவாகவும் தமிழறிஞராகவும் விளங்கி, சைவ அடியார் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பிலிப்ஸ் ஐயரோடு சேர்ந்து 1921-ல் வெளியிட்டார். மனிதருடைய வாழ்க்கை நாம் வரையும் கோடுகளுக்குள் அடங்குவதில்லை.

மற்ற இரண்டு பல்கலைக் கழகங்களையும் சிறிது நோக்குவோம். பம்பாயில் 1862-ல் முதற் பி.ஏ. பட்டம் பெற்றவருள் மகாதேவ கோவிந்த ரானடேயும், வடமொழி ஆராய்ச்சியாளராகிய இராமகிருஷ்ண கோபால பண்டார்கரும் இருந்தனர். கல்கத்தாவில் 1858-ல் முதற் பட்டதாரிகள் பங்கிம் சந்திர சட்டர்ஜியும் யதுநாத போஸும். இவ்விருவரும் ஆறு பாடங்களுள் ஐந்திற் செவ்வையாகத் தேறி, எஞ்சிய ஒன்றில் எண்கள் சில குறைந்தமையால் கருணை எண் பெற்றே தேறினர். வங்க நாவலுக்குத் தந்தை எனப்படுபவர் கருணை எண்ணால் தேறியவர் என்னும் செய்தி, பரீட்சைக்கு அஞ்சும் நம் போன்றார்க்கு ஆறுதல் தருவது ஒருபுறம் இருக்க, புதிய பல்கலைக் கழகத்தின் பரீட்சை எத்துணைக் கடுமையாக அமைக்கப்பட்டிருந்தது என்பதையும் காட்டுகின்றது.

அதே கல்கத்தாவில் நிகழ்ந்த மற்றொன்று இன்னும் ஆழ்ந்து நினைக்கத்தக்கது. கிறிஸ்தவப் பெண்ணாகிய சந்திரமுகி போஸ் 1876-ல் பிரவேசப் பரீட்சை எழுத அனுமதி பெற்று எழுதினார். பெண்களைத் தேர்வுக்கு ஏற்கும் விதி அப்போது இன்மையால், தேறியவர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்கப் பல்கலைக் கழகம் உடன்படவில்லை. பின்னர் விதி மாறிற்று. 1883-ல் சந்திரமுகியும் காதம்பினியும் பட்டம் பெற்று முதற் பெண் பட்டதாரிகள் ஆயினர். 1884-ல் சந்திரமுகி எம்.ஏ. பட்டமும் பெற்றார், பின்னர்ப் பெத்யூன் கல்லூரிக்குத் தலைவியும் ஆனார். 1876-ஆம் ஆண்டுப் பட்டியலை மட்டும் பார்ப்பவனுக்குச் சந்திரமுகி என்றொருவர் இல்லை. ஏடு உண்மையையே சொல்லும் என்று நம்புவார் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். அவர் கதையைத் தனியே காத்து வைத்தவர் இருந்தமையாலேயே ஏட்டின் குறை நமக்குத் தெரிகின்றது.

நம் நாட்டிலும், பட்டம் பெற்றோர் தம் பல்கலைக் கழகத்தையே எதிர்த்து நின்ற வரலாறு உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கற்றுப் பட்டம் பெற்று அங்கேயே ஆசிரியராயிருந்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார், தாய்மொழிகளைப் பாடத்திட்டத்தினின்றும் விலக்கும் ஏற்பாடு 1902-ஆம் ஆண்டளவில் எழுந்தபோது, எம். எஸ். பூர்ணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து அதனை எதிர்த்து உழைத்தார். அடுத்த ஆண்டிலேயே, முப்பத்துமூன்று வயது நிரம்புமளவில், அவர் மறைந்தார். தமிழில் ஆனர்ஸ் என்று ஒரு வகுப்பு இருப்பதற்கும் இத்தகையோர் உழைப்புக்கும் உள்ள தொடர்பை விரித்தால் வேறொரு கட்டுரையாகும்.

இச்செய்திகள் எங்கே கிடக்கின்றன? பல்கலைக் கழகக் காலண்டர்கள், மிஷன் அறிக்கைகள், பழைய பதிப்புக்களின் முகப்பேடுகள், கல்லறைக் கற்கள், குடும்பத்தார் நினைவு, நம் கையிலுள்ள இதுபோன்ற ஆண்டுமலர்கள் ஆகியவற்றில். இவற்றுட் பல இரண்டாம் பிரதி இல்லாதவை. 1981-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. தாமோதரம் பிள்ளை கறையானுக்கும் காலத்துக்கும் அஞ்சினார். மனிதர் கையிலுள்ள தீயை அவர் எண்ணியிருக்கமாட்டார். அதன்பின் எஞ்சியவற்றைத் தேடிப் படமெடுத்து மின்னணு வடிவில் யாவரும் கற்க வைக்கும் பணியை 2005 முதல் 'நூலகம்' என்னும் நிறுவனம் செய்து வருகின்றது. நம் கல்லூரி மாணவர் செய்யக்கூடியது சிறிது, ஆயினும் எளிது. ஒவ்வொரு ஆண்டு மலரிலும் பழைய மாணவர் ஒருவரைப் பற்றி, எந்தச் செய்தி எந்த ஏட்டிலிருந்து கிடைத்தது, எது செவிவழி வந்தது என்று பிரித்துக் காட்டி, இரண்டு பக்கம் எழுதலாம். வாழ்த்துரையாக எழுதுதல் வேண்டா. அவர் எங்கே பிறந்தார், யார் பொருளுதவினார், எந்த ஆசிரியரிடம் கற்றார், எப்பரீட்சையில் தவறினார் என்பன போதும்.

இவ்வாறு எழுத வேண்டியவர்களுள் முதலில் நிற்பவர், தாமோதரம் பிள்ளையோடு பட்டம் பெற்ற விசுவநாத பிள்ளையே. ஒரே நாளில், ஒரே ஏட்டில் ஏறிய இரு பெயர்களுள் ஒன்று தமிழ்நாடெங்கும் விளங்குகின்றது. மற்றொன்றைக் கேட்டறிந்தார் சிலரே. அவர் கணித வல்லுநர். பழைய தமிழ்க் கணக்கு நூல்கள் கீழ்வாயிலக்கமும் குழிக்கணக்கும் அறியும். எழுத்துக்களை எண்களுக்கு ஈடாக வைத்துச் சமன்பாடு தீர்க்கும் மேலைநாட்டு முறையைத் தமிழில் கற்பிக்கும் நூல் வேண்டியிருந்தது. அதனை அவர் 'வீசகணிதம்' என்னும் பெயரால் இயற்றினார். வடமொழியில் பீஜகணிதம் என்பதையே தமிழ் ஓசைக்கு இயைய வீசகணிதம் ஆக்கினார். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தில் அந்நூல் 1855-ல் அச்சாயிற்று. செமினரி மூடப்பட்ட ஆண்டு அது. மூன்றாண்டு கழித்துச் சென்னையில் பி.ஏ. பட்டம் பெற்றபோது, 1820-ல் பிறந்த அவ்வாசிரியர்க்கு வயது முப்பத்தெட்டு.